தாய் எழுதும் தன் வரலாறு

எம் பாடசாலைகளில் 'அன்னை' என்னும் பொருள்பற்றிக் கட்டுரை எழுதாது வகுப்பேறிய மாணவர் இலர் எனலாம். அக்கட்டுரைகளில் வரும் அன்னை பொறுமையிற் பூமியை ஒப்பவள், வைகறையில் எழுபவள், யாவரும் உண்டபின் உண்பவள். அவள் பேசுவது அரிது. பேசினும் அறிவுரையே பேசுவாள். தன்னைப்பற்றி அவள் யாது நினைக்கின்றாள் என்பது கட்டுரையின் எல்லைக்குப் புறத்தது. இக்குறை மாணவரது மட்டுமன்று. தாய்மையைப்பற்றித் தமிழிற் பாடியோரும் எழுதியோரும் பெரும்பாலும் மக்களேயன்றித் தாயரல்லர். ஆதலின், தாயொருத்தி தன் வாழ்வைத் தானே எழுதி, முன்பின் அறியாதார் வாசிக்க வெளியிடும்போது வாசகர் உள்ளத்தில் முதற்கண் எழுவது ஒருவகைக் கூச்சமேயாம். 'வீட்டுச் சங்கதியை வீதிக்குக் கொண்டுவரலாமா?' என்பர். இவ்வினாவை மறுபுறமாகத் திருப்பிக் கேட்பது பயனுடைத்து. வீட்டிற் கேட்பார் பலர் இருக்கத் தாயர் ஏன் வீதியாரை நோக்கி எழுதுகின்றனர்?

பண்டைச் செய்யுளில் தாய் பேசவில்லையா எனின், பேசுகின்றாள். புறநானூற்றிற் காவற்பெண்டின் செய்யுளும் (86), நச்செள்ளையாரின் செய்யுளும் (278), ஒக்கூர் மாசாத்தியாரின் செய்யுளும் (279), பொன்முடியாரின் செய்யுளும் (312) மறவர் தாயரின் உள்ளத்தைக் காட்டுவன. மகன் புறங்கொடுத்தான் என்ற சொற் கேட்ட முதியவள் களம் புகுந்து, சிதைந்து கிடந்த அவன் உடலைக் கண்டு, ஈன்ற ஞான்றினும் பெரிதுவந்தாள் என்கிறது நச்செள்ளையார் பாட்டு. அதற்கு உரிய துறை உவகைக்கலுழ்ச்சி. செறிவில் இவற்றோடு ஒப்பிடத்தக்க பாடல்கள் சிலவே. ஆயினும் இவற்றைத் தாயர் தன்வரலாறு எனக் கொள்ளல் பொருந்தாது. அம்முதியவளின் உவகை உண்மையாகவே இருக்கலாம்; ஆனால், வேந்தனுடைய உலகத்துக்கு அவ்வுவகையே வேண்டியிருந்தது. அன்றிரவு வீடு திரும்பியபின் அவள் எதை நினைந்தாள் என்பதை அச்செய்யுள் கூறவில்லை. கூறுதல் அதன் நோக்கமுமன்று.

யாழ்ப்பாணத்துத் தாய் பலரறியத் தன் வாழ்வைச் சொன்ன இடம் ஏடன்று, செத்தவீடு. பிரேதத்தைச் சூழ்ந்திருந்து, ஒருவர் தோளை ஒருவர் பற்றி அழும் பெண்டிர், இறந்தவரின் பெருமையைச் சொல்லித் தொடங்குவர். சிறிது நேரத்தில் ஒப்பாரி திசைமாறும். இறந்தவர் மாமியாராய் இருப்பார். அழுபவளோ தான் வாழ்க்கைப்பட்ட நாளிலிருந்து ஆரம்பிப்பாள். சீதனக்காணி ஈடுபோன கதை, கொழும்பிலே உத்தியோகம் பார்த்த கணவனுக்காகக் காத்திருந்த மாதங்கள், காய்ச்சலில் மாண்ட குழந்தை, கோபித்துப் போய்த் திரும்பாத தமையன் ஆகிய யாவும் அங்கே இராகத்தோடு வெளிப்படும். அயலார் கேட்பர். ஆடவரும் பந்தலின் கீழிருந்து கேளாதார்போலக் கேட்பர். மறுநாள் அவள் சொன்னதைப்பற்றி எவரும் அவளிடம் வினவார். துக்கத்திற் சொன்னது என விட்டுவிடுவர். நம் ஊர்ப் பேச்சிற் 'சாட்டு' என்றொரு சொல் உண்டு. ஒன்றைச் செய்வதற்கு வேறொன்றைக் காரணமாகக் காட்டுவதே சாட்டு. ஒப்பாரியில் மரணம் அவளுக்குச் சாட்டாயிற்று. தாயர் எழுத்தை ஆராயுமிடத்து இச்சொல்லிலும் பொருத்தமான திறவுகோல் எமக்குக் கிட்டவில்லை.

ஒப்பாரிக்கு வெளியே அவளுக்கு இருந்த மற்றோரிடம் வேலிப் பொட்டு. கிடுகு வேலியை யாழ்ப்பாணத்தார் ஒழுக்கத்தின் சின்னமாகப் பேசுவர். அவ்வேலியில் அடுத்த வளவுக்குப் போய்வரப் பெண்டிர் வைத்திருந்த பொட்டைப்பற்றி அத்துணை பேசுவதில்லை. தணலும் மிளகாயும் கைம்மாற்றாகச் சென்ற அவ்வழியே வீட்டுக் கதைகளும் சென்றன. ஆனால் பொட்டு வழியே கேட்பவள் அறிந்தவள், உறவினளாகவும் இருப்பாள். நாளை அக்கதை எங்கு செல்லும் என்ற அச்சம் சொல்பவளைவிட்டு நீங்குவதில்லை. அயலாளிடம் சொல்லத்தகாதது அறியாதாரிடம் சொல்லத்தக்கதாவது இதனாலேயே. தாய் வீதியை நோக்கி எழுதுவதற்கு வீட்டிற் கேட்பார் இன்மை காரணமன்று. வீட்டிற் கேட்பவர் யாவரும் அவளை இன்னாருடைய மனைவியாக, இன்னாருடைய தாயாக மட்டுமே கேட்கின்றனர். மகன் கேட்கும்போது அவளுடைய சலிப்பு அவனுக்குக் குற்றச்சாட்டாகின்றது. கணவன் கேட்கும்போது முறைப்பாடாகின்றது. அறியாத வாசகன் ஒருவனுக்கே அது வெறும் சலிப்பாகத் தோன்றக்கூடும்.

தேசவழமைச் சட்டத்தில் ஒரு விதி உண்டு. சீதனக்காணி மனைவியின் உடைமையேயாயினும் கணவனின் சம்மதமின்றி அவள் அதனை விற்கவோ ஈடுவைக்கவோ இயலாது. தாயொருத்தியின் வாழ்க்கைக் கதையும் நெடுங்காலம் இவ்விதிக்கே அடங்கியிருந்தது போலும்.

எழுத்தறிவு வந்தமை இந்நிலையை உடனே மாற்றிவிடவில்லை. உடுவிலில் அமெரிக்க மிசனரிமார் பெண்களுக்கு விடுதிப் பாடசாலை நிறுவியது 1824இல். சேர் பொன்னம்பலம் இராமநாதன் சைவப் பெண்களுக்கெனத் தம் பெயராற் கல்லூரி அமைத்தது 1913இல். அதற்கு அடுத்த ஆண்டில், 1914இல், மங்களநாயகம் தம்பையா அம்மையாரின் 'நொறுங்குண்ட இருதயம்' வெளிவந்தது. ஈழத்துத் தமிழ்ப் பெண் ஒருவர் எழுதிய முதல் நாவலாக அது போற்றப்படுகின்றது. விவிலியத்துச் சங்கீதங்களின் நடையை நினைவூட்டும் தலைப்பினைக் கொண்ட அந்நூலில், மணவாழ்வில் ஒரு பெண் அடையும் துன்பங்கள் விரிகின்றன. ஆசிரியை அதனைத் தம் கதை என்று கூறவில்லை. நாமும் அவ்வாறு கொள்ளவேண்டியதில்லை. கவனிக்கத்தக்கது யாதெனின், வீட்டினுள் நிகழும் கொடுமையைப் பொதுமக்கள் முன் வைப்பதற்கு அவருக்குப் பக்தியும் நல்லொழுக்கப் போதனையும் சாட்டாக வேண்டியிருந்தன. இன்றைய வாசகருக்கு அப்போதனைப் பகுதிகள் அலுப்பைத் தரலாம். அவற்றை நீக்கிவிட்டு எஞ்சியதையே நாவல் எனப் பாராட்டும் விமரிசகர் ஒன்றை மறந்துவிடுகின்றனர். அப்போதனை இல்லையேல் அந்நூலே அன்று அச்சேறியிராது.

சாட்டு எத்துணைப் பெரிய கருவி என்பதை வங்காளத்து ராஸ்சுந்தரி தேவியின் வரலாறு இன்னும் தெளிவாகக் காட்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திற் பிறந்து, பன்னிரண்டு வயதில் மணம்புரிந்து, பன்னிரண்டு மக்களைப் பெற்றவர் அவர். எழுத்தறிந்த பெண் கைம்மை எய்துவாள் என்ற நம்பிக்கை நிலவிய காலத்தில், சைதன்ய பாகவதச் சுவடியின் ஓரேட்டைக் கழற்றி அடுக்களையில் ஒளித்துவைத்தார். மூத்த மகன் எழுதிப் பழகிய பனையோலை ஒன்றையும் மறைவாக எடுத்து, இரண்டையும் ஒப்பிட்டு எழுத்துக் கூட்டினார். பனையோலையில் ஏடு தொடக்கிய நம் முன்னோரின் நாட்டினர்க்கு இக்காட்சியை விளக்க வேண்டுவதில்லை. எழுதக் கற்றது இன்னும் பிற்பட்ட காலத்தில். தூரத்தில் இருந்த மகன் தன் கடிதங்களுக்குத் தாயின் மறுமொழி இல்லையே என வருந்தியமையால். இங்ஙனம் வாசிப்புக்கு இறைவனும் எழுத்துக்கு மகனும் சாட்டாயினர். பின்னர் அவர் எழுதிய 'ஆமார் ஜீபன்', அதாவது 'என் வாழ்க்கை', வங்கமொழியின் முதல் தன்வரலாற்று நூலென மதிக்கப்படுகின்றது. இறைவன் கருணையைப் புகழ்வதற்கென எழுதப்பட்ட அந்நூலில், குழந்தைகளைக் கவனித்து, வீட்டார்க்குச் சமைத்து, தாம் உண்ண அமரும் வேளையில் ஏதேனும் ஒரு தடை நேர, நாள் முழுதும் பசித்திருந்த நிகழ்ச்சிகளை அவர் எண்ணி எண்ணி எழுதுகின்றார். பக்தி நூலுக்கு இப்பசிக் கணக்கு வேண்டியதன்று. வேண்டாத அதனை அவர் விடாது எழுதியமையே அந்நூலை இலக்கியமாக்கியது. தாயர் எழுத்தை மதிப்பிடுவதற்கு எமக்குத் தோன்றும் அளவுகோலும் இதுவே: சாட்டு கேட்டதற்கு மேலாக அவள் எவ்வளவு சொன்னாள்?

சாட்டு ஏதும் கிட்டாதபோது பெயரை மாற்றிக்கொள்வதும் உண்டு. திருச்சிராப்பள்ளியை அடுத்த துவரங்குறிச்சியிற் பருவமெய்தியதும் பள்ளியினின்று நிறுத்தப்பட்ட பெண் ஒருவர், மணமாகி மக்களுக்குத் தாயான பின்னர், இரவிற் குளியலறையில் நின்று கவிதை எழுதினார். அவற்றை மறைவாக வெளியே அனுப்ப உதவியவர் அவர்தம் அன்னையே. 'சல்மா' என்னும் பெயரில் அவரது முதற் கவிதைத் தொகுதி 2000ஆம் ஆண்டில் வெளியாயிற்று. 'இரண்டாம் ஜாமங்களின் கதை' என்னும் நாவல் 2004இல் வந்தது. புனைபெயரைக் கோழைத்தனம் என்பார் அக்குளியலறையை எண்ணிப் பார்ப்பாராக.

ஈழத்தில், சிறப்பாக இக்குடாநாட்டில், தாய்க்குப் புதியதொரு சாட்டினைக் கொடுத்தது போர். 1984இல் இளைஞர் பெருந்தொகையிற் கைதுசெய்யப்பட்டபோது அன்னையர் முன்னணி என்னும் பெயரிற் பெண்கள் திரண்டு கச்சேரியை நோக்கிச் சென்றனர். அதுவரை கோயில் வீதியன்றி வேறு வீதியில் கூட்டமாக நடந்தறியாதார் பலர் அவருள் இருந்திருப்பர். 'என் மகன் எங்கே?' என்னும் வினாவை எவ்வதிகாரியும் ஒழுக்கக்கேடு என்று சொல்ல முடியாது. இரண்டாண்டுகளின் பின், 1986இல், யாழ்ப்பாணத்துப் பெண்கள் ஆய்வு வட்டம் 'சொல்லாத சேதிகள்' என்னும் கவிதைத் தொகுப்பை வெளியிட்டது. பெண்கள் பலரின் கவிதைகள் ஒருங்கே ஈழத்தில் நூலாயது அதுவே முதன்முறை. இவ்விரண்டையும் ஒன்றாகக் கொள்வோர் உளர். எமது கருத்து வேறு. வீதியில் இறங்கிய அன்னையின் குரல் தாய் என்ற நிலையையே ஆதாரமாகக் கொண்டது. தொகுப்பிற் பேசும் பெண்ணோ அந்நிலையையே கேள்விக்கு உட்படுத்துகின்றாள். முன்னையதைக் கண்டு ஊர் கண்ணீர் வடித்தது. பின்னையதைக் கண்டு முகஞ்சுளித்தாரும் உளர்.

போர்க்காலத் தாயரின் எழுத்திலே அளவால் மிகப் பெரியது எது என வினவின், கவிதையுமன்று, நாவலுமன்று, மனு. நம்மவர் 'பெட்டிசம்' என வழங்குவது. கைதானவனுக்காக முகாமுக்கும், காணாமற் போனவனுக்காகச் செஞ்சிலுவைச் சங்கத்துக்கும், பின்னர் 2010இல் நியமிக்கப்பட்ட கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவுக்கும், 2013இல் நியமிக்கப்பட்ட காணாமற் போனோர் பற்றிய ஆணைக்குழுவுக்கும் தாயர் எழுதியும் எழுதுவித்தும் கொடுத்த மனுக்களை நோக்குக. மனுவுக்கு ஒரு யாப்பு உண்டு: பெயர், பிறந்த திகதி, அடையாள அட்டை இலக்கம், கடைசியாகக் கண்ட இடம், உடுத்தியிருந்த உடை. இவ்யாப்புக்குள் தாய்க்கு இடம் மிகச் சிறிது. ஆயினும் அவள் 'உடை' என்னுமிடத்தில் அச்சட்டையை எந்தத் தீபாவளிக்கு வாங்கினாள் என்பதையும் சொல்ல முற்படுவாள். எழுதிக் கொடுப்பவர் அதனை விட்டுவிடுவார். அலுவலகத்துக்கு அது பயனற்றது என்பது உண்மையே. அலுவலகம் விட்டதைக் கேட்பாரைத் தேடித்தான் அவள் வீதிக்கு வருகின்றாள். 2017 பெப்ரவரி 20ஆம் நாள் கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயில் முன்றலிற் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் தொடங்கிய போராட்டம் ஆண்டுக்கணக்கில் நீண்டது. படத்தை மடியில் வைத்திருந்த அன்னையர் பலர் விடை காணாமலே இறந்தனர். அவர்களிடம் வருவோர் போவோர் எவராயினும், கேட்பின், மீண்டும் முதலிலிருந்து கதை சொல்வர். ஒரே கதையை நூறு முறை சொல்வது ஏன் எனச் சலிப்போர் உண்டு. கேட்டவர் எவரும் விடை தராதபோது சொல்லுதல் முடிவுறுவது எங்ஙனம்?

இவ்விடத்தில் ராஜினி திராணகமவை நினையாதிருத்தல் இயலாது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் உடற்கூற்றியல் துறைத் தலைவராய் இருந்தவர். இரு பெண் மக்களின் தாய். வேறு மூவரோடு இணைந்து அவர் எழுதிய ஆங்கில நூல் 1990இல் வெளியாகி, 'முறிந்த பனை' எனத் தமிழிலும் வந்துள்ளது. அந்நூல் வெளிவருமுன், 1989 செத்தெம்பர் 21ஆம் நாள், பல்கலைக்கழகத்திலிருந்து துவிச்சக்கரவண்டியில் வீடு திரும்புகையிலே திருநெல்வேலியில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். போரிற் பெண்கள் பட்ட அனுபவங்களைப்பற்றிய இயல் அவர் எழுதியது. அங்கே தம் தாய்மையை அவர் சாட்டாகக் கொள்ளவில்லை. மருத்துவராகவும் ஆசிரியராகவும் பிற பெண்களின் வாய்மொழியைக் கேட்டு எழுதுகின்றார். தாயர்க்கென ஊர் அனுமதித்த கண்ணீரை அவ்வியல் மறுத்துவிடுகின்றது. அவ்வியலின் தலைப்பே இனி அழவேண்டாம் என்று சகோதரியை நோக்கிச் சொல்வது. ஊர் பொறுத்துக்கொள்ளும் எல்லை எது என்பதையும், அவ்வெல்லையை மீறிய எழுத்துக்கு என்ன விலை கொடுக்க நேர்ந்தது என்பதையும் அவர் வாழ்வு காட்டுகின்றது.

துயரமே தாயின் எழுத்துக்குத் தகுதியளிப்பது என்னும் எண்ணம் எம்மிடையே ஆழ வேரூன்றியது. அதனை ஆட்டங்காணச் செய்த நூலொன்று 2013இல் வெளிவந்த சோனாலி தெரணியகலவின் 'வேவ்'. 'அலை' என்பது பொருள். கொழும்பிற் பிறந்த பொருளியலறிஞரான இவர், 2004 டிசெம்பர் 26இல் யால கடற்கரையில், கணவனையும் இரு புதல்வரையும் பெற்றோரையும் கடல்கோளுக்கு இழந்தார். அதே நாளில் எம் வடமராட்சி கிழக்குக் கரையிலும் மக்களை இழந்த தாயர் பலர். இந்நூலில் வாசகர் எதிர்பார்க்கும் சான்றாண்மை சிறிதும் இல்லை. அவர் குடிக்கின்றார். பிழைத்த பிறர் குழந்தையைக் கண்டு இரங்காது வெறுக்கின்றார். பெற்றோரின் வீட்டை வாடகைக்கு எடுத்த அந்நியக் குடும்பத்தை இரவில் மணியடித்துத் துன்புறுத்துகின்றார். இவற்றை எழுதும்போது மன்னிப்பும் கேட்பதில்லை. உளவியல் மருத்துவர் தூண்ட, முதலில் தமக்கென எழுதத் தொடங்கிய பக்கங்கள் பின்னர் நூலாயின. நூலின் பிற்பகுதியிற் புதல்வரின் சிறு பழக்கங்களை, அவர் உண்ட உணவை, வீட்டுத் தோட்டத்தை, அவர் நுணுகி நுணுகி மீட்கின்றார். முற்பகுதியின் சீற்றத்தை அடக்கி எழுதியிருப்பின் பிற்பகுதியின் அன்பை நாம் நம்பியிருக்கமாட்டோம். நச்செள்ளையாரின் முதியவள் வீடு திரும்பிய பின்னர் நேர்ந்தது என்ன என வினவுவோர் இந்நூலை வாசிக்கலாம்.

இறப்பும் இல்லை, போரும் இல்லை. எனினும் ஒரு தாய் எழுதுகின்றாள் எனின், அவளை என் செய்வது? உண்மையான சோதனை இங்கேதான் உள்ளது. ஆங்கில நாவலாசிரியை ரேச்சல் கஸ்க் 2001இல் வெளியிட்ட நூலொன்றில், குழந்தை பிறந்த முதற் காலத்தின் உறக்கமின்மையையும் தனிமையையும் தன் பழைய இயல்பு கைநழுவிச் சென்றதையும் எழுதினார். அதற்காக அவர் பெற்ற கண்டனம் கடுமையானது. கண்டித்தாரிற் பெண்களும் பலர். குழந்தை நலமாய் இருக்க அவள் குறைகூறுவது ஏன் என்பதே அவர்தம் ஆத்திரத்தின் சாரம். இன்று எம் பெண்களும், யாழ்ப்பாணத்திலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும், பிள்ளையை உறங்கவைத்தபின் கைப்பேசியில் ஓரிரு பந்திகள் எழுதி அறியாதார்க்கு அனுப்புகின்றனர். புலம்பெயர்ந்த தாய்க்கு வேலிப் பொட்டு இல்லை. செத்தவீடும் இரண்டு மணி நேரத்தில் முடியும் மண்டப நிகழ்ச்சியாயிற்று. அவ்விரண்டும் செய்த பணியை அவ்வெழுத்துச் செய்கின்றது. அவற்றுட் பெரும்பாலானவை இலக்கியமல்ல. இலக்கியமாகும் நோக்கமும் அவற்றுக்கு இல்லை. சாட்டின்றித் தொடங்குதல் என்ற அளவில் அவை மங்களநாயகம் அம்மையார்க்கு வாய்க்காத ஒன்றைப் பெற்றுள்ளன.

மறுபக்கத்தையும் மறைத்தல் கூடாது. தாயின் கதையிற் பாதி பிள்ளையின் கதை. ராஸ்சுந்தரி முதுமையில் எழுதினார். பிள்ளைகள் வளர்ந்து தம் வழி சென்றிருந்தனர். தெரணியகலவின் புதல்வர் இல்லை. ஆனால் உயிரோடு பள்ளி செல்லும் சிறுவனின் நோயையும் பிழையையும் அழுகையையும் தாய் இன்று எழுதினால், பத்தாண்டு கழிந்து அவனுடைய சகமாணவர் அதனை வாசிப்பர். 'என் வாழ்வு, நான் எழுதுவேன்' என்பது நியாயமான கூற்று. 'என் வாழ்வும் அங்கே உண்டே' என்று பிள்ளை சொல்வதும் அதனிற் குறைந்த நியாயம் உடையதன்று. ஒப்பாரி அன்றே காற்றிற் கலந்தது. எழுத்து அங்ஙனம் கலப்பதில்லை. தன் களைப்பை எழுதும் தாய்க்குப் பிள்ளையின் பெயர் வேண்டாம். அவன் முகப்படம் நிச்சயமாக வேண்டாம். நல்ல எழுத்தாளர் இதனைத் தாமே உணர்வர். அவருடைய பக்கங்களில் நாம் காண்பது பிள்ளையை அன்று. பிள்ளையைத் தூக்கிய கையின் நோவை.

பிள்ளையே வளர்ந்து எழுதும்போது இவ்வழக்கு வேறு வடிவம் பெறும். ராஜினி திராணகமவின் வாழ்க்கைபற்றி 2005இல் வெளியான ஆவணப்படத்தில் தாயின் பாத்திரத்தை ஏற்றவர் அவர் மகள் ஷாரிகா. மானிடவியலறிஞரான அம்மகள் 2011இல் இலங்கை உள்நாட்டுப் போர்பற்றிய ஆய்வு நூலொன்றை வெளியிட்டார். யாழ்ப்பாணத்துத் தமிழர் விட்டுச்சென்ற வீடுகளும், 1990 ஒக்ரோபரில் வடக்கினின்று வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் புத்தளத்துக் குடியிருப்புகளிலிருந்து நினைவுகூர்ந்த வீடுகளும் அதில் அருகருகே வருகின்றன. அந்நூலுக்கு அவர் இட்ட பெயர் 'என் தாயின் இல்லத்தில்' என்பது.